‘பார்க்கவும்’ என்று எழுதிய அட்டைகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். தமிழில் நான் எழுதியதெல்லாம் மதுரையில் இருக்கும் அக்காவுக்குக் கடிதம்தான். போன் வந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. சங்கத்தின் ஆண்டு மலரில் பேங்க் அதிகாரிகளும் கம்பெனி மேனேஜர்களும் எழுதுகிற பக்கங்களுக்கு நடுவில் ஓர் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வந்து உட்காருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தங்கள் வேதங்களில் படித்துப் போற்றுகிற பெரியவர்களைப் பற்றி இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இரண்டு பக்கமும் சேர்ந்தவள் இல்லை. காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு முப்பத்தேழு வருஷம் வேலைக்குப் போய் வந்தவள். எங்காவது பிசகாகச் சொல்லியிருந்தால் அது அறியாமை, அவமரியாதை அல்ல.

எழுதச் சொன்னவள் நந்தினி. சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற நம் தமிழ்ப் பெண். எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய பெயர் அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்காக அவளை அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. இரண்டாம் நாளே ஒரு கட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, இதுல ஃபைல் நம்பரே இல்லையே. ‘இப்ராஹிம், பார்க்கவும் ஆப்ரஹாம்’னு மட்டும் போட்டிருக்கு. ரெண்டும் ஒரே பேஷன்ட்டா?”

“இல்லம்மா.”

“அப்ப டூப்ளிகேட்டா? டிலீட் பண்ணிடட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்.”

“இந்த மாதிரி எத்தனை இருக்கு?”

“ஒரு இழுப்பறை நிறைய.”

“பாப்ரே!” என்றாள். பிறந்து வளர்ந்தது பெஹாலாவில். ஆச்சரியம் வந்தால் அவளுக்குப் பெங்காலிதான் வரும்.

நான் விளக்க ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். அவள் பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, “அப்ப எழுதிக் குடுங்க ஆன்ட்டி. எனக்குத் தமிழ் படிக்க வராது, அம்மா படிச்சுச் சொல்வா” என்றாள். அவள் அம்மா மலர் கமிட்டியில் இருக்கிறார். அப்படித்தான் இது இங்கே வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கன்னியாஸ்திரீகள் நடத்தியது. இருபத்தோரு வயதில், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த கையோடு சேர்ந்தேன். முதல் மாதம் வாசலில் சீட்டு எழுதும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். என் குரல் கம்பிக்கு வெளியே கேட்கவில்லை என்று ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆவண அறைக்கு மாற்றினார்கள். பேச வேண்டாத இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த அறையின் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண். ஃபைல்கள் எண் வரிசைப்படி அலமாரிகளில் இருக்கும். எண்ணைத் தொலைத்துவிட்டு வருபவர்களுக்காக, மர இழுப்பறைகளில் பெயர் வரிசைப்படி அட்டைகள் இருக்கும். அட்டையில் இங்கிலீஷில் பெயர், தகப்பன் பெயர், தொழில், இடம், ஃபைல் எண். ஒரு ஃபைலை எடுத்தால் அதே இடத்தில் ‘டிரேசர்’ என்கிற நீல அட்டையை, யார் எங்கே கொண்டுபோனார்கள் என்று எழுதி, சொருகிவிட்டுத்தான் நகர வேண்டும். டிரேசர் வைக்காமல் ஃபைலை எடுப்பது எங்கள் அறையில் திருட்டுக்குச் சமம்.

அப்படிச் சொன்னவர் பிஸ்வாஸ்தி. மாலதி பிஸ்வாஸ், அறையின் தலைவி. அக்கா என்பதற்கு இங்கே ‘தி’ சேர்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெங்காலிக் கிறிஸ்தவக் குடும்பம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கொண்டையில் சொருகிய பென்சில். வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ‘நல்லா செஞ்சே’ என்று ஒருவரிடமும் சொல்ல மாட்டார். எதையாவது செய்யச் சொல்ல வேண்டுமானால் இரண்டு விரலால் அந்தக் காகிதத்தை நம் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான். நான் சேர்ந்த புதிதில் அவசரமாகக் கிறுக்கிய ஓர் அட்டையை அப்படித் தள்ளிவிட்டு இப்படிச் சொன்னார்:

“எங்க வேதத்துல சகரியான்னு ஒருத்தர். வயசான காலத்துல பிள்ளை பிறக்கும்னு தேவதூதன் வந்து சொன்னான். அவர் நம்பலை. அதனால பிள்ளை பிறக்கற வரைக்கும் வாய் அடைச்சுப் போச்சு. பிறந்ததும் என்ன பேர் வைக்கறதுன்னு சொந்தக்காரங்க சண்டை. அவர் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, ‘இவன் பேர் ஜோஹன்’னு எழுதினார். உலகத்துலேயே முதல் அட்மிஷன் சீட்டு அதுதான். ஊமையா இருந்தவர் எழுதினது, ஆனா எல்லாரும் படிக்க முடிஞ்சது. நீ எழுதினது எனக்கே புரியலை.”

அன்றிலிருந்து என் எழுத்து திருந்தியது.

இனி அந்த அட்டைகளுக்கு வருகிறேன். பிஸ்வாஸ்திக்கு முன்னால் பல வருஷம் வாசல் ஜன்னலில் சிஸ்டர் ஆக்னஸ் என்ற வயதான கன்னியாஸ்திரீ இருந்தார். நல்ல மனசு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, அவர் கையெழுத்தோடு மட்டும்தான் பழக்கம், ஊதா மையில் சுழித்து எழுதியது. அவருக்கு ஒரு பழக்கம். இப்ராஹிம் என்று யாராவது சொன்னால் அவர் காதில் அது ஆப்ரஹாம் என்றுதான் விழும். தனக்குத் தெரிந்த பெரியவர் பெயர் ஆயிற்றே என்ற சந்தோஷத்தில் அப்படியே எழுதிவிடுவார். யூசுப் ஜோசப் ஆனார். தாவூத் டேவிட் ஆனார். மூசா மோசஸ் ஆனார்.

“ஆக்னஸ் சிஸ்டர் எல்லாருக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டார்” என்பார் பிஸ்வாஸ்தி. “தண்ணி இல்லாம, பேனாவாலயே.”

அவர்கள் மறுபடி வரும்போது தங்கள் சொந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயரில் அட்டை இருக்காது. ஃபைல் உள்ளே இருந்தும் இல்லாத மாதிரி. அதற்காகத்தான் பிஸ்வாஸ்தி ‘பார்க்கவும்’ அட்டைகளை ஆரம்பித்தார். அதை அவர் செய்த விதம்தான் நான் இன்றும் வியப்பது. ஒலியை வைத்து அவர் எதையும் முடிவு செய்ய மாட்டார். “காதை நம்பாதே. ஆக்னஸ் சிஸ்டரும் காதை நம்பித்தான் எழுதினார்” என்பார். ஒரு புதுப் பெயர் வந்தால் கொண்டைப் பென்சிலை எடுத்துக்கொண்டு வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்குப் போய்விடுவார்.

ஒரு தடவை கூடவே போனேன். காலில் ஆறாத புண்ணோடு அயூப் என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

“சாச்சா, உங்க பேர் யாரோட பேர்?” என்று கேட்டார் பிஸ்வாஸ்தி.

“அயூப் நபி பேரு. உடம்பெல்லாம் நோவு, பிள்ளைகுட்டி, சொத்து எல்லாம் போச்சு. அப்பவும் ஆண்டவனைக் கோவிச்சுக்கலை.”

“அப்பறம்?”

“அப்பறம் ஆண்டவன், ‘காலால தரையைத் தட்டு’ன்னான். தட்டினாரு. தண்ணி வந்துச்சு. குளிச்சாரு, குணமாச்சு.” தன் காலைக் காட்டினார். “நானும் தட்டிப் பாத்தேன் தீதி. கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தான்.”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. பிஸ்வாஸ்தி சிரிக்கவில்லை. “தண்ணி எங்க கதையில இல்லை. மத்தது எல்லாம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்து, ஜே இழுப்பறையில் ஜோப் என்ற பெயரைத் தேடினார். பெரியவரின் பழைய ஃபைல் அங்கே இருந்தது. ‘அயூப், பார்க்கவும் ஜோப்.’

“ரெண்டு பேரும் ஒண்ணுதான்னே எழுதிடலாமே?” என்று ஒரு நாள் கேட்டேன். நான் வாயைத் திறந்து கேட்ட சில கேள்விகளில் அது ஒன்று.

“அதைச் சொல்ல நான் யாரு? பாதிரியாரும் மௌல்வியும் பேசிக்கட்டும். நான் ‘பார்க்கவும்’னுதான் எழுதுவேன். போய்ப் பார்த்தா ஆள் கிடைப்பான்.” பிறகு, “உங்க ஊர்ல கார்த்திக் யாரு?” என்றார்.

“எங்க ஊர்ல முருகன்னு சொல்வோம். ரெண்டு பெண்டாட்டி. பிள்ளையார்தான் பிரம்மச்சாரி.”

“இங்க கார்த்திக்குக்குக் கல்யாணமே ஆகலை. கணேஷுக்குப் பக்கத்துலதான் வாழைமரத்துக்குப் புடவை கட்டி, பெண்டாட்டின்னு நிக்கவைக்கறாங்க. அப்ப உங்க முருகன் வேற ஆளா?”

“இல்லை, அவரேதான்.”

“அட்டையில என்ன எழுதுவே?”

“முருகன், பார்க்கவும் கார்த்திக்.”

தலையை ஆட்டினார். மறுபடி கேட்கவேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

எங்கள் அறையில் அதிகம் கனத்தது மரியம் இழுப்பறைதான். பெங்காலிக் கிறிஸ்தவர்களும் ஏசுவின் தாயை மரியம் என்றுதான் சொல்கிறார்கள், முஸ்லிம்களும் மரியம்தான். அட்டையைப் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. மகளுக்கு மரியம் என்று பெயரிட்ட ஒரு முஸ்லிம் தாய், தங்கள் வேதத்தில் அந்த அம்மாள் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு என்று சொன்னபோது பிஸ்வாஸ்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிரசவ வலியில் மரியம் தனியாகப் போய் ஒரு பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டதையும், காலடியில் ஓடை ஓடியதையும், மரத்தை உலுக்கப் பழம் உதிர்ந்ததையும் அந்தப் பெண் சொன்னாள். பிஸ்வாஸ்தியின் கதையில் மாட்டுத் தொழுவம்தான், பழம் இல்லை. “இருந்திருக்கலாம்” என்றார் அன்று மாலை, புடவைத் தலைப்பை உதறிக்கொண்டே. “வலியில இருக்கறவளுக்கு யாராவது ஏதாவது சாப்பிடக் குடுத்தாங்கன்னு கேக்க நல்லாயிருக்கு.”

அதே இழுப்பறையில் ‘மேரி அம்மா’ என்று ஓர் அட்டையும் இருந்தது. பார்த்தால் லேக் மார்க்கெட் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த நம் மாரியம்மா! நெற்றியில் இருந்த குங்குமத்தைக்கூட சிஸ்டர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இது மரியா இல்லை, மாரி என்று சொன்னேன். ஃபைல் அந்த எண்ணில்தானே இருக்கிறது என்று அதற்கும் ஒரு ‘பார்க்கவும்’ போடச் சொன்னார் பிஸ்வாஸ்தி, ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியோடு. கதை பொருந்தவில்லை, சிஸ்டரின் தவறு பொருந்துகிறது என்று அதற்கு அர்த்தம். பெருக்கல் குறி போட்ட இன்னொரு அட்டை ஈசா. அந்தப் பெயர் ஏசுவைக் குறிக்கும் என்று ஆக்னஸ் சிஸ்டருக்குத் தெரியும். ஆனால் குடலிறக்கத்துக்கு வந்த ஒரு மீன்காரரை ஏசு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. ஐசக் என்று எழுதிவிட்டார். “பக்தியில வந்த தப்பு. இதையும் சேர்த்துத்தான் தேடணும்” என்றார் பிஸ்வாஸ்தி.

இந்த அட்டைகளை ஏன் அழிக்கக்கூடாது என்று நந்தினி கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் ஒரே ஒரு நாள். நான் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கைப்பேசி வராத காலம். மழைக்காலம். பிஸ்வாஸ்தி அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கிருஷ்ணநகர் போயிருந்தார். அறையில் நான் மட்டும்.

மதியம் ஒன்றரை மணிக்கு மயக்க மருந்து டாக்டர் கோஷ், ஆபரேஷன் உடுப்போடும் தொப்பியோடும் எங்கள் கதவில் வந்து நின்றார். அவர் அந்தப் படிக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை.

“ராஜி, ஒரு பழைய ஃபைல். பேரு யஹ்யா. ஆறு வயசுல இங்க குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். இருபது வருஷம் ஆச்சு.”

“நம்பர் டாக்டர்?”

“வீட்டுல தண்ணி புகுந்து சீட்டெல்லாம் பெட்டியோட போச்சாம். கவனிச்சுக் கேளு. குடல்ல ஓட்டை விழுந்திருக்கு, வயித்தைத் திறக்கணும். போன தடவை ஊசி போட்டதும் உடம்பு நீலமாகி, செத்துப் பிழைச்சான்னு அவன் அம்மா சொல்றா. எந்த மருந்துன்னு தெரியலை. நான் குடுக்கப்போறது நாலு மருந்து. அதுல எது அவனுக்கு ஆகாதுன்னு உன் ஃபைல்தான் சொல்லணும்.”

“எவ்வளவு நேரம் இருக்கு?”

“ஒரு மணி நேரம். அதுக்கு மேல காத்திருந்தா வயிறே கொன்னுடும். ஃபைல் கிடைக்கலைன்னா கண்ணை மூடிட்டுத்தான் போடணும்.”

அவர் போய்விட்டார். நான் ஒய் இழுப்பறையை இழுத்தேன். யஹ்யா மூன்று பேர். ஒருவர் கிழவர், ஒன்று கைக்குழந்தை, ஒருவர் இறந்துவிட்டார். இந்தப் பெயரை இங்கே ஐ போட்டும் எழுதுவார்கள், ஈ போட்டு எஹியா என்றும் எழுதுவார்கள். இரண்டிலும் தேடினேன். இல்லை. ‘பார்க்கவும்’ அட்டைகளில் பார்த்தேன். யஹ்யாவுக்கு அட்டையே இல்லை. அதுவரை யஹ்யா என்று எவரும் பழைய ஃபைல் கேட்டு வந்ததில்லை. பிஸ்வாஸ்தி கேட்டுத் தெரிந்துகொள்ளாத பெயருக்கு அட்டை எழுத மாட்டார்.

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். யஹ்யா, யாக்கூப், ஜேக்கப் என்று என் காதில் ஓடியது. அதுதான் என்று ஜேக்கப் அட்டைகளை முழுவதும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாக்கூபுக்குத் தனியாக ஒரு ‘பார்க்கவும்’ அட்டை இருக்கிறது, அவர் வேறு பெரியவர் என்பது இருபது நிமிஷம் போன பிறகுதான் உறைத்தது. காதை நம்பாதே என்று ஒன்பது வருஷமாகக் கேட்டும் காதைத்தான் நம்பியிருந்தேன்.

மிச்சம் இருந்தது பெஞ்சு. பெஞ்சுக்குப் போய் நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. பிஸ்வாஸ்தியின் பின்னால் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். சகினா பீபி என்று பெயர். கார்டன் ரீச் பக்கம் தையல்காரர்கள் குடும்பம். பர்தாவின் கீழ்ப்பகுதி முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் மகன் கழுத்தில் இருந்து கழற்றிய அளவு நாடா.

“மாஷி…” என்றேன், நம் ஊரில் சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி. அடுத்த வார்த்தை வரவில்லை.

“என்ன தீதி? காயிதம் கெடச்சிச்சா?”

“இன்னும் இல்ல. மாஷி, யஹ்யா யாரு?”

“யஹ்யா யாரா? எம் பிள்ளை! உள்ள படுத்துக் கெடக்கறானே!”

“அந்த யஹ்யா இல்ல. உங்க வேதத்துல அந்தப் பேரு யாரோடது?”

என்னையே பார்த்தார். “உனக்குப் புத்தி பெசகிடுச்சா? எம் பிள்ளை உசிரு போயிட்டிருக்கு. நீ கதை கேக்க வந்திருக்க?”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். “ஆபீஸ்ல வேலை இல்ல போல. பொழுது போகலை” என்றார் ஒருவர். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் திரும்பி ஓடியிருப்பேன். அன்றைக்கு அந்த அம்மாளின் காலடியில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“சொல்லுங்க மாஷி. ஃபைல் அந்தக் கதைக்குள்ளதான் இருக்கு.”

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சொல்ல ஆரம்பித்தார்.

“ஜகாரியா நபியோட பிள்ளை. அவரு கெழவரு, பொண்டாட்டி மலடி. யாருக்கும் கேக்காம ரகசியமா ஆண்டவன்கிட்ட கேட்டாரு. பையன் பொறப்பான், பேரு யஹ்யான்னு சேதி வந்துச்சு. அதுக்கு முன்னாடி அந்தப் பேரு யாருக்குமே கெடையாது.” நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். “எம் வீட்டுக்காரரு பேரும் ஜகாரியாதான். பதினாலு வருசம் பிள்ளை இல்ல எங்களுக்கு. அதான் இவன் யஹ்யா.”

“அப்பறம் மாஷி?”

“ஒரு அடையாளம் குடுன்னு ஜகாரியா கேட்டாரு. மூணு நாளு மனுசங்ககிட்ட பேச முடியாது, அதான் அடையாளம்னு சொல்லிட்டான் ஆண்டவன். கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினாரு.”

ஜகாரியா, சகரியா. பேச முடியாத கிழவர். எனக்குப் பலகை ஞாபகம் வந்தது. ஆனால் உடனே சந்தேகமும் வந்தது. பிஸ்வாஸ்தி சொன்ன சகரியா, நம்பாததற்குத் தண்டனையாகப் பல மாதம் ஊமையாக இருந்தவர். இவரோ தானே கேட்டு வாங்கிய அடையாளமாக மூன்று நாள் மௌனமாக இருந்தவர். மறுபடி யாக்கூப் மாதிரி ஆகிவிட்டால்? இருக்கிற நேரமும் போய்விடும்.

அப்போதுதான் பேரீச்சம்பழமும் அயூபின் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. ‘மத்தது எல்லாம் இருக்கு’ என்று பிஸ்வாஸ்தி சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தது நினைவுக்கு வந்தது. வயதான தகப்பன் இருக்கிறார். மலடி என்று பேர் வாங்கிய தாய் இருக்கிறார். மேலிருந்து வந்த பெயர் இருக்கிறது. அடைத்துப்போன வாய் இருக்கிறது. நாள் கணக்குதான் வேறு. பிஸ்வாஸ்தியின் சகரியா பலகையில் எழுதிய பெயர் ஜோஹன். ஆக்னஸ் சிஸ்டர் பேனாவில் அது ஜான்.

படியில் இரண்டிரண்டாக இறங்கினேன். ஜான் என்ற பெயரில் எங்களிடம் ஒரு முழு இழுப்பறை உண்டு. பெயரைப் பார்க்கவில்லை, இரண்டாவது வரியில் தகப்பன் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பீட்டர், மைக்கேல், சைமன், மறுபடி பீட்டர். பாதிக்கு மேல் போன பிறகு ஊதா மை வந்தது. ‘ஜான். தகப்பன் ஜக்கரி. தையல்காரர். கார்டன் ரீச்.’ மூலையில் சிவப்புக் கோடு. இந்த ஃபைலை எந்தக் காலத்திலும் அழிக்கக்கூடாது என்று அதற்கு அர்த்தம்.

ஏணி வைத்து மேல் தட்டில் இருந்து எடுத்தேன். ஃபைலைக் கட்டியிருந்த நாடாவைப் பிரித்ததும் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் நாலு வரி. மருந்தின் பெயர் எனக்குப் புரியவில்லை. தெளிவான எழுத்து என்பது மட்டும் தெரிந்தது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். 

டாக்டர் கோஷ் கதவிலேயே நின்று படித்தார். பக்கத்துத் தட்டில் இருந்த நாலு குப்பியில் ஒன்றை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நர்ஸிடம் வேறு ஏதோ கேட்டார். கதவு மூடியது. ஒரு மணி நேரத்தில் ஏழு நிமிஷம் மிச்சம் இருந்தது.

கீழே போக எனக்கு மனசு வரவில்லை. சகினா பீபியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவரே கேட்டார்.

“எந்தப் பேருல வச்சிருந்தாங்க?”

“ஜான்.”

“அது யாரு?”

“கிறிஸ்தவங்க வேதத்துல யஹ்யாவுக்கு அந்தப் பேரு மாஷி.”

“அவங்ககிட்டயும் இருக்காரா?” நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஜகாரியாவும்?”

“அவரும் இருக்கார். அங்கேயும் பேச முடியாமத்தான் இருந்தார்.”

“எத்தனை நாளு?”

“பிள்ளை பிறக்கற வரைக்கும்.”

“யா அல்லா. அத்தனை மாசமா? பாவம், மூணு நாளே கஷ்டம்.” பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீ பேசாமயே இருந்துடுவ.”

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு சர்ஜன் வெளியே வந்து, குடலைத் தைத்தாகிவிட்டது, பையன் தானாகவே மூச்சு விடுகிறான் என்றார். சகினா பீபி அந்தப் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்திலேயே தொழுதார். அதுவரை நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை யஹ்யா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். கொடுக்கவில்லை, பஞ்சால் உதட்டை நனைத்தார்கள். பிஸ்வாஸ்தி கிருஷ்ணநகரிலிருந்து நேராக வேலைக்கு வந்தார். மேல் தட்டில் ஒரு ஃபைல் இல்லாததையும் அந்த இடத்தில் டிரேசர் இல்லாததையும் வந்த பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, காரணம் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “டிரேசர் எழுத அரை நிமிஷம்தான் ஆகும்” என்றார். நான் ஒன்றை எழுதிச் சொருகினேன். பிறகு அவர் ஒரு வெற்று அட்டையை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். ‘யஹ்யா, பார்க்கவும் ஜான்’ என்று எழுதி, ‘பார்க்கவும்’ இழுப்பறையில் ஒய் வரிசையில் அதன் இடத்தில் வைத்தேன்.